மாடு அவிழ்க்கும் இடங்கள்

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
நந்தன வருஷம் தை மாதம் 9-ந் தேதி.

என் மகள் பிலோமினாவுக்கு உன் அய்யா பங்கிராஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் ஆத்தாவும் நாலு மாடுகளும் இங்கே சுகம். மாட்டையும் நம்மையும் ஒரே வரியிலா வைப்பது என்று உன் ஆத்தா சண்டைக்கு வருவாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாததால் தப்பித்தேன். உன் சுகத்துக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் சுகத்துக்கும், மருமகப்பிள்ளை லூர்துநாதன், உன் மாமியார், கொழுந்தன் பிலவேந்திரன் எல்லாருடைய சுகத்துக்கும் தினமும் ஒரு ஐம்பத்து மூன்று மணி செபமாலை இங்கே நடக்கிறது. இந்த வருஷம் மழை பரவாயில்லை, அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் போர் ஏறிவிட்டது. மயிலைக்காளைக்கு இடது கொம்பு பிளந்து வேப்பெண்ணெய் போட்டுக் கட்டியிருக்கிறேன். மலைமேல் அணை கட்டுகிற வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்ற வண்டி வண்டியாய் இழுத்துக்கொண்டு போகிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. எப்போதும் கடுதாசி எழுதித் தரும் உபதேசியாரிடம் இந்தத் தடவை போகாமல் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இதில் அவர் கேட்க வேண்டாத சங்கதி இருக்கிறது, அதனால்தான். நீயும் அவர் மகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தவள், யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் நீயே வாசித்துக்கொள்.

உன் கடுதாசி மார்கழி முதல் வாரத்தில் வந்தது. மாசியில் ஏழாம் மாதம் பிறந்ததும் பிலவேந்திரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆலப்புழையிலிருந்து படகில் கோட்டயம் வந்துவிடுவதாகவும், நான் வண்டியோடு படகுத்துறையில் நிற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று உன் மாமியாரும் சொல்லிவிட்டார்கள், அது முறைதான். கல்யாணமாகிப் போனபோது வண்டிக்குள் பாதி வழி அழுகை பாதி வழி தூக்கம் என்று போய்விட்டதால் ஒன்றும் பார்க்கவில்லை, எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர், எங்கே மேடு எங்கே குளிர், எது எந்த ராஜாவின் சீமை என்று வரிசையாக எழுதுங்கள், இந்தத் தடவை கண் முழித்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று கேட்டிருந்தாய். வரிசையாகவே எழுதுகிறேன். ஆனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ வண்டியேற வேண்டாம். ஏழாம் மாதமும் வேண்டாம், எட்டாம் மாதமும் வேண்டாம். உன் அக்கா ஞானசெல்வி அந்த வழியில் பிள்ளையோடு போனது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியும் இந்தக் கடுதாசியில் வரும், வரிசை வரும்போது வரும்.

உபதேசியார் வீட்டுச் சுவரில் ஒரு தேசப்படம் தொங்குகிறது. அதில் நம் சர்க்கார் சீமைக்குச் சிவப்பு பூசியிருக்கிறது, திருவிதாங்கூர் ராஜா சீமைக்கு மஞ்சள். நடுவில் மலை என்று ஒரு கம்பளிப்பூச்சியை வரைந்து வைத்திருக்கிறான். உத்தமபாளையத்துக்கும் ஆலப்புழைக்கும் என் விரலால் இரண்டு விரற்கடை. அந்தப் படம் போட்ட துரை ஒருநாளும் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். நாங்கள் மைல் கணக்கும் பார்ப்பதில்லை, விரற்கடையும் பார்ப்பதில்லை. எங்களுக்கு அவிழ்ப்புக் கணக்குத்தான். நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிப் புல்லில் விடுகிற இடம் ஒரு அவிழ்ப்பு. நம் வீட்டிலிருந்து கோட்டயம் படகுத்துறைக்கு நடுவில் ஏழு அவிழ்ப்பு. நீ அங்கிருந்து வருகிறவள், அங்கிருந்து ஆரம்பித்துச் சொல் என்பாய். எனக்கு அப்படிச் சொல்ல வராது, போகும்போதுதான் நான் வழி பார்த்து ஓட்டுவது, திரும்பும்போது மாடே வீட்டு நினைப்பில் நடந்துவிடும், நான் தூங்கிவிடுவேன். ஆகையால் இங்கிருந்தே வருகிறேன், நீ தலைகீழாகப் போட்டுக்கொள்.

நம் ஊரிலிருந்து கம்பம் வழியாகக் கூடலூர் வரைக்கும் தரை ஒரே சமம். ஒரு பக்கம் ஆற்றுப் பாய்ச்சல் நெல், ஒரு பக்கம் சோளக்கொல்லை, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியமரம், மாடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கும். கூடலூர் முதல் அவிழ்ப்பு. அங்கே ஒரு பழக்கம் உண்டு, அதுவரை கொண்டுவந்த வைக்கோலில் மிச்சத்தை அங்கேயே மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடுவோம். அதற்கு மேலே வழியெல்லாம் புல் கிடைக்கும், வைக்கோல் ஏற்றுகிற இடத்தில் ஒரு மூட்டை அரிசி ஏற்றலாம். கூடலூருக்கு மேலே வைக்கோல் கட்டோடு ஒரு வண்டி போனால் வண்டிக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். கூடலூரில் நின்று பார்த்தால் மலை அண்ணாந்து பார்க்கிற சுவர். இணைமாடு இரண்டு பூட்டி நாலு மாடாக ஏற்ற வேண்டும், பின்னால் ஒருவன் முட்டுக்கட்டையோடு நடப்பான், மாடு மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுவான். உச்சியில் குமுளி, இரண்டாம் அவிழ்ப்பு. நம் சர்க்கார் சுங்கச் சவுக்கை ஒன்று, கொஞ்சம் தள்ளி ராஜா சவுக்கை ஒன்று, புகையிலை ஒளித்திருக்கிறாயா என்று மூட்டையை இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அங்கிருந்து காசு மாறும், ரூபாயை விட்டுச் சக்கரம். வருஷம் மாறும், மாதத்துக்குப் பெயர் மாறும், தை மாதம் அங்கே மகரம். நாலு எட்டு வைத்தால் மழையே மாறிவிடும், நம் பக்கம் பாறை காய்ந்து கிடக்கையில் அந்தப் பக்கம் இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். மாட்டுக்கு மட்டும் ஒன்றும் மாறுவதில்லை, புல் இருக்கிறதா தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இருபத்திரண்டு வருஷம் அவைகளோடு நடந்து நானும் அதை மட்டுமே பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

படத்தில் இரண்டு ராஜ்யம் என்றாலும் வண்டிக்காரனுக்கு மூன்று தேசம். குமுளியிலிருந்து குட்டிக்கானம் வரைக்கும் நடுத்தேசம், அது நம்முடையதும் இல்லை மலையாளத்துடையதும் இல்லை, தோட்டத்துத் துரைமாரும் குளிரும்தான். மூன்றாம் அவிழ்ப்பு வண்டிப்பெரியாறு, நாலாம் அவிழ்ப்பு பீர்மேடு. மொட்டை மொட்டையாகப் புல்மேடு, பள்ளத்தில் சோலை, காப்பிச் செடிக்கு நோய் வந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலை நடுகிறார்கள். வேலைக்காரர்கள் பூராவும் நம் பக்கத்து ஆட்கள், தேவதானப்பட்டி ஆளையும் ஆண்டிபட்டி ஆளையும் ஒரே வரிசைக் குடிசையில் பார்க்கலாம். தை மாசியில் பனி எலும்பைத் தொடும், பங்குனி பிறந்தால் மலைக்காய்ச்சல் பிடித்துக்கொள்ளும். குட்டிக்கானம் தாண்டினதும் ரோடு அப்படியே கீழே விழும். பாதி இறக்கத்தில் ஐந்தாம் அவிழ்ப்பு, நாங்கள் ஈத்தைக்காட்டுத் தாவளம் என்போம். இரண்டு பக்கமும் ஈத்தை மூங்கில், பாறை இடுக்கிலிருந்து வற்றாத ஓடை, முழங்கால் உயரத்துக்குப் புல். இந்த வழியிலேயே முதல்தரமான அவிழ்ப்பு அதுதான் என்று எந்த வண்டிக்காரனும் சொல்வான், நானும் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து இறங்கினால் முண்டக்கயம், ஆற்றைத் தாண்டிக் காஞ்சிரப்பள்ளி ஆறாம் அவிழ்ப்பு, பாம்பாடி ஏழாம் அவிழ்ப்பு, பிறகு கோட்டயம். அது மூன்றாம் தேசம். அங்கே ஊர் எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று தெரியாது. நம் ஊர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டித் தெரு இல்லை, ஒவ்வொரு வீடும் தன் கமுகுக்கும் மிளகுக்கும் நடுவில் தனியாக ஒளிந்துகொண்டிருக்கும், ரோட்டில் போகிறவனுக்கு வேலிதான் தெரியும். கோட்டயத்தோடு மாட்டுக்கு வேலை முடிந்தது, அப்புறம் காயலும் வள்ளமும், அது நீ அறிந்த தேசம், உன்னிடம் நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைத்தான் நீ கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் இது மாட்டுக்கு ஆகிற வரிசை. உன் கடுதாசி வந்த அன்றைக்கு உன்னை எங்கெங்கே இறக்கி எங்கெங்கே ஏற்றுவது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஏழு இடத்திலும் புல் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, ஒரு மனுஷி முகம் தெரியவில்லை. அதனால் மார்கழி நடையில் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு அவிழ்ப்பிலும் மாட்டை விட்டுவிட்டு, இங்கே பிள்ளைப்பேறு பார்க்கிற பெண்பிள்ளை யார், எந்த வீடு, கூப்பிட்டால் எந்நேரமும் வருவாளா என்று விசாரித்துக்கொண்டே போனேன். ஐம்பத்தைந்து வயது வண்டிக்காரன் மீசையை வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். நம்மோடு எப்போதும் இரண்டாவது வண்டி ஓட்டி வருகிற ஒச்சாண்டி குமுளிச் சவுக்கையில் இத்தனை பேர் முன்னால், “ஏலே பங்கிராசு, உனக்கு இது எத்தனாவது மாசம்லே?” என்று கேட்டுவிட்டான். சவுக்கைச் சிப்பாய் வரைக்கும் சிரித்தார்கள். நான் அடுத்த ஆளிடம் போய் அதையே கேட்டேன், அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மாட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் காட்டினான்.

விசாரித்த வகையில் கூடலூரில் கவலை இல்லை, மூன்று பேர் இருக்கிறார்கள். குமுளியில் ஒருத்தியும் இல்லை, சவுக்கைச் சிப்பாய் சம்சாரமே நாலு பிரசவத்துக்கும் கூடலூர் இறங்கி வந்தவள். வண்டிப்பெரியாற்றில் தோட்டத்து வரிசையில் பிச்சையம்மாள் என்று ஒரு மனுஷி, மயிலாடும்பாறைக்காரி, நூற்றுக்கு மேல் பிள்ளை எடுத்தவள், கையைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறது. நான் என் மகளைப் பற்றிச் சொன்னதும் எந்த மாதம், எத்தனை நாள் வண்டி, எங்கே ஏற்றம் என்று அவள் என்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்கிட்ட கொண்டுவந்து சேத்திட்டா நான் பாத்துக்கிருவேன். அதுக்குக் கீழ உள்ள ஏத்தத்துக்கு நான் பொறுப்பில்ல. வயித்துப் பிள்ளைக்காரிய அதுல ஏத்தாதீக” என்றாள். பீர்மேட்டில் ஆசுபத்திரி என்று ஒரு கொட்டகை இருக்கிறது, கூலியாட்களுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கிற ஒரு ஆள், அவரைக் கேட்டதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காஞ்சிரப்பள்ளியில் நம் கம்பத்திலிருந்து போன ராவுத்தர் வீடுகள் இருக்கின்றன, இன்னும் தமிழ்தான் பேசுகிறார்கள், அந்த வீட்டுப் பெண்கள் எந்த அவசரத்துக்கும் கதவு திறப்பார்கள். பாம்பாடி, கோட்டயம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஈத்தைக்காட்டில் யாரைக் கேட்பது, புல்லைத்தான் கேட்க வேண்டும். அங்கிருந்து அடுப்பு எரிகிற ஒரு வீட்டுக்கு மேலே போனால் ஆறு நாழிகை, கீழே போனால் ஐந்து நாழிகை.

இனி முண்டக்கயம். அதை நான் அவிழ்ப்பில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அங்கே அவிழ்த்ததில்லை, ஆற்றோரம் சரளைக்கல், புல் கிடையாது. நாலு வருஷம் முன்னால், சர்வதாரி வருஷம் பங்குனியில், உன்னைப் போலவே அந்தப்பக்கம் கொடுத்திருந்த உன் அக்காவைப் பிரசவத்துக்குக் கோட்டயத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன், எட்டாம் மாதம். ஏழே அவிழ்ப்புத்தான் தாயி, வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினேன். முண்டக்கயத்தில் ஆற்றைத் தாண்டி ஒரு பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன், ஒச்சாண்டி முன்னால் போய்விட்டான். அவள் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டு, “இடுப்பு வலிக்கு அய்யா, இன்னைக்கு இங்கனயே இருந்துட்டுப் போவமா?” என்று கேட்டாள். நான் இறங்கிச் சுற்றிலும் பார்த்தேன். இங்கே புல் இல்லை, ஒரு ஏற்றம் ஏறினால் ஈத்தைக்காடு, அங்கே அவிழ்த்துப்போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்றேன். சரி அய்யா என்றாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததே, பாதி ஏற்றத்தில் வலி கண்டது, தாவளத்தில் இறக்கிப் படுதாவை மறைத்துக் கட்டினோம், நானும் ஒச்சாண்டியும் இரண்டு ஆம்பிளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம், பிள்ளை கொஞ்ச நேரம் மூச்சு விட்டது, அந்த ஓடைத் தண்ணீரை எடுத்துச் சூசை என்று பெயர் சொல்லி நானே ஞானஸ்நானம் கொடுத்தேன், வெயில் தாழ்வதற்குள் இருவரும் போய்விட்டார்கள். ஓடைக்கு மேல்கரையில் குழி வெட்டி வைத்தோம், அடுத்த நடையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைக் கொண்டுபோய்த் தெளித்துச் சிலுவைக்கல் நட்டேன். ஆனால் அவள் முண்டக்கயத்தில் கேட்டதை நான் சாமியாரிடமும் சொல்லவில்லை, ஒச்சாண்டியிடமும் சொல்லவில்லை, உன் ஆத்தாவிடமும் சொல்லவில்லை. திடீரென்று வலி கண்டுவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த மார்கழியில் அதே பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, எதிரே தேங்காய் சுமந்து வந்த ஒருவனிடம் கேட்டேன், கையை நீட்டிக் காட்டினான். வேலிக்கு அந்தப்புறம் கமுகந்தோட்டத்துக்குள் ஒரு ஓலை வீடு, வயதான ஒரு வயற்றாட்டி, அங்கே மருத்துவச்சியை அப்படித்தான் சொல்வார்கள், முப்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கிறாள். வழிப்போக்கர் கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டேன், ரோட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதுமே, அதற்குத்தானே இருக்கிறேன், எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன் என்றாள். குடிக்க மோர் கொடுத்தாள், குடித்தேன். திரும்பி வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன், அவள் படலிலிருந்து பலாமரத்துக்கு நூற்றுப்பத்து அடி. அந்த வீட்டை இத்தனை வருஷம் நான் தாண்டிப் போயிருக்கிறேன், புல் இல்லாத இடம் என்பதால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. கோட்டயம் படகுத்துறை வரைக்கும் வந்தும் இந்தத் தடவை வள்ளம் ஏறி உன்னைப் பார்க்க வராமல் திரும்பியது இதனால்தான். இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார முடியும் என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று ராஜாக்கள் திருநாள் பூசை முடிந்த அன்றைக்கு உன் ஆத்தாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொன்னேன், பலாமரம், உன் அக்கா கேட்டது, நான் சொன்னது, நூற்றுப்பத்து அடி, எல்லாம். அந்த முறத்தை முடித்துவிட்டு அடுத்த முறத்தை எடுத்தாள். ஐந்து நாள் வேளாவேளைக்குச் சோறு வைத்தாள், பேச்சு இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உன்னை மலைக்கு அந்தப்பக்கம் கொடுக்க வேண்டாம் என்று அவள் அழுதபோது, மாப்பிள்ளை தங்கமானவர் என்று வாதாடிக் கொடுத்தவனும் நான்தான். மருமகப்பிள்ளை தங்கமானவர்தான், அதில் நான் பொய் சொல்லவில்லை.

ஆறாம் நாள் நான் மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது கொட்டத்து வாசலில் வந்து நின்று, பிலோமி வர வேண்டாம், நான் போகிறேன் என்றாள். ராயப்பன்பட்டியைத் தாண்டினால் அவள் அறிந்த ஊர் உத்தமபாளையமும் தேனியும்தான், மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. தலைப்பிள்ளைக்குப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் போய் உட்காருவதா, ஊர் என்ன பேசும் என்று உன் பெரியம்மா வந்து குதித்தாள். “ஆத்தா இருக்கிற இடந்தேன் ஆத்தா வீடு” என்று சொல்லிவிட்டு உன் ஆத்தா மிளகு வறுக்கப் போய்விட்டாள். தூத்துக்குடி போய்க் கப்பலில் போகலாம், செங்கோட்டை வழியாகச் சுற்றிப் போகலாம் என்று உபதேசியார் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். எனக்குத் தெரியாத வழியில் அவளைக் கொண்டுபோக மாட்டேன் என்றேன். அவளும் அந்த வழிதான் வேண்டும் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தை இருபதாம் தேதி கிளம்புகிறோம். வரகரிசி, சுக்கு, பழந்துணி, உன் ஆத்தா கையால் காய்ச்சிய விளக்கெண்ணெய் எல்லாம் மூட்டை ஏறிவிட்டது. மாசி பிறந்ததும் அங்கே இருப்போம். பிள்ளை பிறந்து மழையெல்லாம் விட்டு ஆவணியில் நான் வந்து மூன்று பேரையும் அழைத்து வருவேன், அதுவரை எனக்குச் சோறு பொங்க ஒச்சாண்டி சம்சாரம் ஒத்துக்கொண்டிருக்கிறாள், அவள் குழம்பில் உப்பு கூட, சமாளித்துக்கொள்வேன். உன் மாமியாரிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடு, உன் ஆத்தா படுக்க ஒரு மூலை போதும், காயலோரக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா தெரியவில்லை, தரையில் ஈரம் இல்லாத இடமாகப் பார். அர்த்துங்கல் பெருநாளுக்கு மணலில் நடந்து போனாயோ என்னவோ, போயிருந்தால் போகட்டும், இனிமேல் கூட்டத்துக்குள் போகாதே. குனிந்து தண்ணீர்க்குடம் தூக்காதே. இடுப்பு வலித்தால், வெறும் வலிதான் என்று தோன்றினாலும், யாரிடமாவது சத்தமாகச் சொல். ஒரு தடவை சொல்லிக் கேட்காவிட்டால் இரண்டாம் தடவையும் சொல்.

இந்தக் கடுதாசி மதுரை, திருநெல்வேலி என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வரும் என்கிறார் தபால்காரர், நம் மலை ஏற அதற்குத் தெரியாதாம். எப்படியும் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். நாங்கள் சொன்ன நாளில் வராவிட்டால் பயப்பட வேண்டாம், இரண்டு நாள் பிந்தும். நேற்று உன் ஆத்தா வந்து என்னிடம், “அந்தத் தாவளத்துல தண்ணி கெடக்கா?” என்று கேட்டாள். கிடக்கிறது என்றேன். “புல்லு?” என்றாள். அதுவும் இருக்கிறது என்றேன். “அப்ப ஒரு நா முழுக்க அங்கன அவுத்துப் போடுங்க” என்றாள். அது ஒரு நாள். மற்றொரு நாள் முண்டக்கயத்தில், பலாமரத்தடியில். ஆவணியில் உன்னையும் பிள்ளையையும் ஏற்றி வரும்போதும் அங்கேதான் அவிழ்ப்பேன், அது இனி எட்டாம் அவிழ்ப்பு. அங்கே புல் கிடையாது என்பதால் வண்டிக்குப் பின்னால் வைக்கோல் கட்டியிருக்கிறேன். மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று எடுத்துப் பார்த்தேன், இரண்டு கட்டுப் போதும். கூடலூரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தேவமாதா உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. படகுத்துறைக்குப் பிலவேந்திரனை அனுப்பிவை, உன் ஆத்தாவுக்கு வள்ளம் ஏறப் பயம்.

இப்படிக்கு,
உன் அய்யா
வண்டிக்கார பங்கிராஸ்